கம்பிக்காரர் தூங்கினார் என்று எழுதினேன்

அன்று பிற்பகல் கம்பி வண்டி ஓடியிருந்தால் என் பெண்ணுக்கு இன்று காது கேட்குமா? ஆறு வருஷமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. டாக்டரைக் கேட்டேன், அதெல்லாம் சொல்ல முடியாது அம்மா என்றார். என் கணவரைக் கேட்டேன். இனிமேல் கேட்காதே என்றார். கேட்க வேண்டிய இன்னொருவர் இருக்கிறார். அவரைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அவரைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊரின் பெயரும் வேண்டாம். மேட்டூருக்குக் கீழே, காவிரியின் இரண்டு கரையிலும் பரவியிருக்கும் ஓர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேல்கரையில் நூல் மில், மில்லின் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். கீழ்கரையில் தறிக்காரர்களின் தெருக்கள், சந்தை, மில் ஆட்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள்; அவற்றில் ஒன்றில்தான் நாங்கள் இருந்தோம். நடுவே ஆறு. பாலத்தில் போக வேண்டுமானால் எட்டு மைல் சுற்ற வேண்டும். தண்ணீர் குறைந்த மாதங்களில் பரிசல் உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் பரிசல்காரர்கள் பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

நூல் மூட்டைகளை இக்கரைக்கு அனுப்புவதற்காக மில்லில் ஆற்றுக்குக் குறுக்கே கம்பி வடம் கட்டியிருந்தார்கள். நடு ஆற்றுப் பாறையின்மேல் ஓர் இரும்புக் கோபுரம். இரண்டு கரையிலும் கொட்டகைகள். நாங்கள் அங்கே குடிபோவதற்கு முன்பே மூட்டைத் தொட்டிகளைக் கழற்றிவிட்டு மனிதர் போகிற பெட்டிகளை மாட்டும் வழக்கம் வந்துவிட்டது. இடுப்பளவு தகரச் சுவர், மேலே தகரக் கூரை, உள்ளே எதிரெதிராக இரண்டு பலகைகள். எட்டுப் பேர் உட்காரலாம். இங்கிருந்து ஒரு பெட்டி கிளம்பும்போதே அங்கிருந்தும் ஒன்று கிளம்பும். ஆற்றின் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போகும். சங்கு ஊதுமுன் ஷிப்டு ஆட்கள், பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தை நாளில் கூடைக்காரிகள் என்று ஊரே அதில்தான் போய்வந்தது. பட்டணத்துக்காரர்களுக்கு டிராம் எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு அந்த வண்டி.

இக்கரைக் கொட்டகை அவருடைய பொறுப்பு. எல்லோருக்கும் அவர் கம்பிக்காரர். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். சாயம் போன காக்கிச் சட்டை, தலையில் துண்டு. வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆட்களை ஏற்றித் தாழ்ப்பாளைப் போட வேண்டும். அக்கரை இஞ்சின் கொட்டகையில் இருக்கும் ஆளுக்குக் கம்பியை இழுத்து மணி அடிக்க வேண்டும். இரண்டு அடித்தால் இழு, ஒன்று அடித்தால் நிறுத்து.

இந்தச் சின்ன வேலையை அவர் செய்த விதம் எங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டபின் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தினமும் விடிந்ததும் முதல் பெட்டியில் தான் மட்டும் தனியாக அக்கரை போய்த் திரும்பிவருவார். அதற்கு முன் யார் வந்து நின்றாலும் ஏற்ற மாட்டார். வண்டி கம்பியில் இருக்கும் வரை அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கொட்டகையில் ஒரு முக்காலி இருந்தது. ஏற வருகிறவர்கள் அதன்மேல் கூடைகளை வைப்பார்கள். சோறு தின்பது, வெற்றிலை போடுவது எல்லாம் இரண்டு பெட்டிகளும் கரையைத் தொட்ட பிறகுதான். ஒருநாள் நான் அதைப் பற்றிக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு, "ஆளுங்க அந்தரத்துல தொங்கையில நாம கால நீட்டி உக்காந்தா நல்லாருக்குங்களா, அம்மிணி" என்றார்.

பருத்த உடம்புள்ள கட்டட கண்டிராக்டர் ஒருவர் அடிக்கடி வருவார். அவர் ஏறினால் மற்றவர்கள் ஆறு பேரைத்தான் ஏற்றுவார் கம்பிக்காரர். பலகையில் இடம் காலியாக இருக்கிறதே என்று ஒருநாள் கண்டிராக்டரே கேட்டுவிட்டார். கம்பிக்காரர் சிரிக்காமல், "உங்களை ரெண்டு ஆளுன்னுதானுங்க சாமி எண்ணோணும்" என்றார். பெட்டிக்குள் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கண்டிராக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாள் முதல் அவர் கார் வைத்துக்கொண்டு பாலத்தைச் சுற்றிப் போனார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொந்தரவு காற்று. எங்கள் பக்கத்தில் ஆனி பிறந்தால் மேற்கே இருந்து காற்று கிளம்பிவிடும். பிற்பகலில் தெருவில் மண் சுழலும்; தறிக்காரர்கள் காயப்போட்ட பாவு நூலைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். காற்று வலுத்தால் கம்பிக்காரர் வண்டியை நிறுத்திவிடுவார். எப்போது நிறுத்துவார், எப்போது விடுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மணல் மூட்டைகளை வைத்து வெறும் பெட்டியை நடுக்கோபுரம் வரை அனுப்பிப் பார்ப்பார். அது ஆடுகிற ஆட்டத்தை நின்று பார்ப்பார். ஒருமுறை அக்கரையில் முகூர்த்தம் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரைச் சீர்த் தட்டுகளோடு மூன்று மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டார். மாப்பிள்ளையின் மாமா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கம்பிக்காரர் விலகவில்லை, கும்பிட்ட கையோடு அப்படியே நின்றார். முகூர்த்தம் தவறி, அடுத்த நல்ல நேரம் பார்த்துத் தாலி கட்டினார்கள்.

எனக்குப் பக்கத்து வீட்டில் பாவாயி அக்கா என்று ஒருவர் இருந்தார். மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை; வாய் கொஞ்சம் அதிகம். வண்டி நின்றுவிட்டால் கொட்டகையில் அவர் ராஜ்யம்தான். "ஏனுங்க கம்பிக்காரரே, காத்தடிச்சா உங்க ஊட்டுல சோத்துப் பானையக்கூட எறக்க மாட்டாங்களாக்கும்" என்பார். கம்பிக்காரர், "எறக்கிப் போடுவாங்க சாமி, அது கீழதான இருக்குது" என்று பதில் சொல்லிவிட்டு மறுபடியும் கம்பியைப் பார்ப்பார். பயந்தாங்கொள்ளி என்ற பெயர் அவருக்கு இப்படித்தான் வந்தது. நானும் மனத்துக்குள் அப்படித்தான் நினைத்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் குழந்தைக்கு அவரைப் பிடிக்கும். சரசுவுக்கு அப்போது ஐந்து மாதம், ஆறு மாதம் இருக்கும். நான் கூடையை ஏற்றிவைக்கும்வரை அவளை வாங்கி வைத்துக்கொள்வார். அதுவும் பெட்டிகள் கரையில் இருந்தால்தான். மணி அடித்தால் அவள் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பிச் சிரிப்பாள். அதற்காகவே சில நாள் பெட்டி கிளம்பாதபோதும் விரலால் மணியை லேசாகத் தட்டுவார். அவளுக்கு ஒரு காலத்தில் காது கேட்டது என்பதற்கு எங்களைத் தவிர வேறு சாட்சி அவர் ஒருவர்தான்.

அந்த ஆடி மாதம் குழந்தைக்குப் பத்து மாதம். ஜுரம் வந்தது. முதல் நாள் பல் முளைக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கஷாயம் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் என் கணவர் மில்லுக்குக் கிளம்பும்போது, நீயும் வா, ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்றார். அப்போது ஓர் இலைகூட அசையவில்லை. குழந்தை இராத்திரி முழுவதும் சிணுங்கிவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. தூங்கி எழுந்ததும் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன். எட்டாவது வரை படித்தவள், சேலத்து மிஷன் பள்ளியில் சுகாதார பாடத்தில் பரிசு வாங்கியவள் எடுத்த முடிவு இது.

உச்சிப்பொழுதுக்குப் பிறகு குழந்தையின் கை கால் விறைத்து வெட்டி இழுக்கத் தொடங்கின. தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். காற்று என் சேலையைப் பின்னுக்கு இழுத்தது. ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. கொட்டகையில் வேறு யாரும் இல்லை. வண்டி நின்றால் கலைந்து போவது வழக்கமாகிவிட்டிருந்தது. கம்பிக்காரர் மட்டும் மணிக் கம்பியின் பக்கத்தில் நின்றிருந்தார்.

குழந்தையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மணல் மூட்டைகளோடு வெறும் பெட்டியை அனுப்பினார். அது கோபுரத்தை நெருங்கும்போது ஒருபக்கமாகச் சாய்ந்து இரும்பில் மோதியது. சத்தம் இங்கே கேட்டது. திரும்பி வந்தபோது கூரையின் ஓரத் தகரம் மடங்கியிருந்தது.

"காத்து நிக்கட்டுமுங்க, அம்மிணி" என்றார்.

நான் காலில் விழுந்தேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதும் நினைவில்லை. உனக்குப் பிள்ளை இருந்தால் இப்படி நிற்பாயா என்று கேட்டது நினைவிருக்கிறது. அவருக்கு ஒரு பெண் உண்டு என்பது எனக்குத் தெரியும். அவர் என்னை எழுப்பி முக்காலியில் உட்காரவைத்தார். தன் தலைத்துண்டை நனைத்துக் குழந்தையின் நெற்றியில் போட்டார். அது சூடேறச் சூடேற மாற்றினார். வழியோடு போன ஓர் ஆளைச் சந்தைத் தெருக் கம்பவுண்டரிடம் அனுப்பினார். கம்பவுண்டர் ஊரில் இல்லை, பாலத்தைச் சுற்றிப் போக ஒரு வண்டியும் அகப்படவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை வெறும் பெட்டியை அனுப்பி இழுத்தார். அப்படி நான்கு மணி நேரம். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்த நான்கு மணி நேரமும் நின்றார். இதற்கு நான் ஒருத்திதான் சாட்சி.

பொழுது சாயும்போது காற்று தணிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மூளையைத் தாக்கும் ஜுரம் என்றார்கள். இருபது நாள் அங்கேயே இருந்தேன். குழந்தை பிழைத்தாள். வீட்டுக்கு வந்த மறுநாள் என் கையிலிருந்து பித்தளைத் தட்டு நழுவித் தரையில் விழுந்தது. சரசு திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு எனக்கு ஒருவர்மேல் கோபப்பட வேண்டியிருந்தது. என்மேல் படுவதற்குத் தைரியமில்லை.

பாவாயி அக்காவும் மற்ற லைன் வீட்டுப் பெண்களும் என்னிடம் வந்தார்கள். அவர்களுக்கும் அவர்மேல் ஆத்திரம் இருந்தது. வண்டி நின்றால் ஷிப்டு தவறிவிடுகிறது. ஒரு மனு எழுதிக் கொடு, எல்லோரும் கைநாட்டு வைக்கிறோம் என்றார்கள். அந்த வரிசையில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். என் கணவர் மில் ஆபீசில் குமாஸ்தா. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, காற்றுக்கு நிறுத்தினார் என்று எழுதினால் பிரயோசனம் இல்லை, காற்றடித்தால் நிறுத்து என்பதுதான் சட்டமே, வேலையில் அசட்டை என்று இருந்தால்தான் விசாரிப்பார்கள் என்று சொன்னார். பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நான் ஒரு வரி சேர்த்தேன். "மேற்படி தினம் பிற்பகல் மேற்படி ஆள் கொட்டகையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம்." கையெழுத்து என்னவோ அழகாகத்தான் இருந்தது.

பெண்கள் கூடினார்கள். நான் மனுவை வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்தபோது மேலே இருந்த வரியிலிருந்து கீழே இருந்த வரிக்குப் போய்விட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பாவாயி அக்கா, நல்லா எழுதியிருக்கே கண்ணு என்றார். முப்பத்திரண்டு பெண்கள் வரிசையாக வந்து மையில் கட்டைவிரலைத் தோய்த்து வைத்தார்கள். கடைசியில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஆபீஸ்காரர் சம்சாரம் போட்டால் நன்றாயிராது என்று அவர்களே சொன்னார்கள். நானும் சரி என்றேன்.

விசாரணை ஒரு பத்து நிமிஷம்தான் நடந்ததாம். என் கணவர் அந்த அறையில் இருந்தார். அன்று மாலை சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்கு நடந்ததைச் சொன்னார். மானேஜர் மனுவைப் படிக்கச் சொன்னார். அந்த வரியைக் கேட்டதும் கம்பிக்காரர், இல்லைங்க என்று ஆரம்பித்திருக்கிறார். பிறகு காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். எழுத்து தெரியாது, ரேகைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாக விரலை வைத்து எண்ணினார்.

"முப்பத்தி ரெண்டு பேருங்க" என்றாராம். "இத்தன பேரு பொய் சொல்ல மாட்டாங்க சாமி. நின்னவாக்குல கண்ணசந்திருப்பனாட்ட இருக்குது. தூங்கறவனுக்கு அது எங்கீங்க தெரியும்."

மானேஜர் எச்சரித்து விட்டுவிடுவதாக இருந்தாராம். கம்பிக்காரர்தான் ஒப்பவில்லை. எப்போது தூங்குவான் என்று தனக்கே தெரியாத ஆளை மணிக்கம்பியின் பக்கத்தில் வைக்கக் கூடாதுங்க என்று அவரே சொல்லியிருக்கிறார். அன்றைக்கே காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

என் கணவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நீ பார்த்தாயா?" நான் குழந்தையின் தூளியை ஆட்டப் போனேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. அன்றிலிருந்து நாங்கள் அதைப் பேசுவதில்லை.

புதிதாக வந்தவன் வாலிபன். எந்தக் காற்றிலும் ஓட்டினான். ஊருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. பார், இந்தக் காற்றிலும் ஓடத்தானே செய்கிறது, அன்றும் ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த ஆடியில் ஒரு பிற்பகல், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளோடு பெட்டி கோபுரத்தில் மோதி வடத்தில் சிக்கிக்கொண்டது. மூன்று மணி நேரம் ஆற்றுக்கு மேலே தொங்கியது. கரையில் தாய்மார்கள் நின்ற நிலையைச் சொல்ல முடியாது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள், ஒரு பிள்ளைக்குக் கை ஒடிந்தது. மறுநாளே பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். இப்போது கம்பியில் மூட்டை மட்டும்தான் போகிறது. மனிதர்கள் எட்டு மைல் சுற்றுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு பாவாயி அக்கா, "தூங்கு மூஞ்சின்னு பேரு வாங்கினாலும் அந்த மனுசன் இருந்திருந்தா பெட்டிய உட்டிருக்க மாட்டாருங்க" என்றார். தூக்கத்தைப் பற்றிய பேச்சு எங்கிருந்தோ ஊருக்குள் பரவிவிட்டிருந்தது. தாங்கள் வைத்த ரேகைக்கு மேலேதான் அது எழுதப்பட்டிருந்தது என்று அந்தப் பெண்களுக்கு இன்றுவரை தெரியாது.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். போன வைகாசியில் என் கணவரின் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாமகிரிப்பேட்டை போயிருந்தோம். சரசுவைக் கையில் பிடித்துக்கொண்டு கடைவீதியில் நடந்தேன். மஞ்சள் காயப்போட்டிருந்த ஒரு களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அவர் கண்டுகொண்டார்.

"நம்ம சரசுக் கண்ணுங்களா" என்று கேட்டார். குனிந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் களத்தில் மேய்ந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கேட்காது என்று நான் தலையை அசைத்தேன்.

அங்கேயே, களத்தின் ஓரத்தில், அவர் என் முன்னால் கைகூப்பினார். "அன்னிக்கு நான் கண்ணசராம இருந்திருந்தா காத்து எப்ப நின்னுதுன்னு பார்த்திருப்பனுங்க, அம்மிணி. நடுவுல சித்த நேரம் நின்னுருக்கும். நான் தவற உட்டுட்டேன். புள்ளைக்கு இப்படி ஆனது என்னாலதானுங்க."

அன்று காற்று நடுவில் நிற்கவில்லை. நான் அங்கேதான் இருந்தேன். அதைச் சொல்வதற்கு எனக்கு வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து, "போனது போகட்டுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று வந்தது. அவரை நான் மன்னித்தேன். அவர் கண்ணில் நீர் வந்தது. நல்லாருங்க சாமி என்று வாழ்த்தினார்.

அவருடைய மகள் எங்களை வீட்டுக்கு அழைத்துப்போய் மோர் கொடுத்தாள். அப்பாவைப் பற்றிக் கேட்காமலே சொன்னாள். களத்துக்குக் காவலாகத் தனியாக உட்கார மாட்டாராம்; பகலிலும் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமாம். பேரக் குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை மடியில் வாங்கியதில்லை. "குடுத்தா கைய பின்னால கட்டிக்கறாருங்க அக்கா. நான் எப்ப அசருவேன்னு எனக்கே தெரியாது சாமிங்கறாரு" என்றாள். அந்தக் குழந்தை தூளியில் கால் உதைத்துக்கொண்டிருந்தது. அவர் சுவரோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சகோதரிகளே, இதுதான் என் நிலைமை. உண்மையைச் சொல்லிவிடு என்று உங்களில் பலர் உடனே சொல்வீர்கள். நானும் தினமும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சொன்னால், தான் தூங்கவில்லை என்பதோடு அவருக்கு விஷயம் நின்றுவிடாது. ஒரு பொய்க்காகத் தான் வேலையைவிட்டு வந்ததும் இத்தனை வருஷம் தன்னையே சந்தேகித்ததும் சேர்ந்து தெரியும். இந்த வயதில் அது ஆறுதலா, இன்னொரு அடியா? என் கணவர் இன்னும் அதே மில்லில் இருக்கிறார். முப்பத்திரண்டு பெண்கள் என்னை நம்பி விரல் வைத்தார்கள். அவர்களிடமும் சொல்ல வேண்டாமா? இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் தன்மேல் போட்டுக்கொண்ட பழியை நான் திருப்பி வாங்கிக்கொண்டால், அந்தக் காலையில் தூங்குகிற குழந்தையை எழுப்பாத நான் மட்டும்தான் மிச்சம் இருப்பேன். என் தயக்கத்தில் பாதி அவருக்காக இல்லை, இதற்காகத்தான்.

கடிதம் எழுதலாம் என்றால், அவருக்கு யாராவது படித்துக்காட்ட வேண்டும். வருகிற ஆவணியில் அதே உறவினர் வீட்டில் ஒரு கல்யாணம். நான் போகிறேன். அதற்குள் அந்தக் குழந்தை தவழத் தொடங்கியிருக்கும். மகள் இருக்கும்போது சொல்வதா, அவரைத் தனியாக அழைத்துச் சொல்வதா, முதலில் பாவாயி அக்காவிடம் போவதா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஒன்றைச் சொல்லிப் பழக்கம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். முழுவதும் சொல்லித்தர முடியாவிட்டாலும், அவர் முன்னால் போய் நின்றதும் நான் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள்.